திசுப் படத்தின் நிறம் எங்கிருந்து வருகிறது?

புற்றுநோய் ஆய்வு பற்றிய செய்திகளோடு வரும் ஒரு வகைப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இளஞ்சிவப்புப் பின்னணியில் ஊதா நிறப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். சில இடங்களில் அவை நெருக்கமாக இருக்கும். சில இடங்களில் வரிசை பிடித்து நிற்கும். மனிதத் திசுவின் மிக மெல்லிய சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்க்கும்போது தெரியும் காட்சி அது.

அந்த ஊதாவும் இளஞ்சிவப்பும் உடலுக்குச் சொந்தமானவை அல்ல. சாயம் ஏற்றாத திசுச் சீவலைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. நாம் பார்க்கும் ஒவ்வொரு நிறமும் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் கொடுத்தது.

இப்போது அந்தக் கண்ணாடித் தகடுகள் முழுமையாகப் படமெடுக்கப்பட்டு, மின்னிலக்கத் தகடுகளாகக் கணினிக்குள் போகின்றன. உயிரணுக்களை எண்ணுவது, புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று தேடுவது போன்ற வேலைகளைக் கணினியும் செய்கிறது. அந்தப் படம் எப்படி உருவாகிறது, ஆய்வாளர்கள் அதில் எதை அளக்கிறார்கள், அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இந்த வாரம் பார்ப்போம். மூன்றாவது கேள்விக்கான விடையின் பெரும்பகுதி நிறத்தில்தான் இருக்கிறது.

தகட்டுக்கு வரும் முன்

உடலிலிருந்து எடுத்த திசு அப்படியே விட்டால் கெடத் தொடங்கும். அதிலுள்ள நொதிகளே அதைச் சிதைக்கும். இதைத் தடுக்க, திசுவை ஃபார்மலின் கரைசலில் ஊற வைக்கிறார்கள். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, திசுவை அந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கிறது. 1893இல் ஃபெர்டினாண்ட் புளும் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஃபார்மலினைத் தொட்டு வேலை செய்தபோது தம் விரல் நுனித் தோல் இறுகிப்போவதைக் கவனித்தார். திசுவைப் பாதுகாக்க அதைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை அங்கிருந்துதான் பிறந்தது.

எவ்வளவு நேரம் ஊற வைக்கிறோம் என்பது முக்கியம். மார்பகப் புற்றுநோய்த் திசுவில் ஹார்மோன் ஏற்பிகளைச் சோதிப்பதற்கான அமெரிக்க வழிகாட்டி, 6 முதல் 72 மணி நேரம் வரை என்று வரையறுத்திருக்கிறது. குறைந்தாலும் கூடினாலும் பிறகு ஏற்றும் சாயம் சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

அடுத்து, திசுவிலிருக்கும் நீரை ஆல்கஹாலால் வெளியேற்றி, அந்த இடத்தில் உருகிய பாரஃபின் மெழுகை நிரப்புகிறார்கள். மெழுகு இறுகியதும் சிறு கட்டியாகிவிடும். மைக்ரோடோம் என்ற வெட்டும் கருவி அந்தக் கட்டியை 3 முதல் 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் அச்சிடும் ஏ4 தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரோமீட்டர். 4 மைக்ரோமீட்டர் சீவல்கள் 25ஐ அடுக்கினால்தான் ஒரு தாளின் தடிமன் வரும்.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள திசுவை 4 மைக்ரோமீட்டர் வீதம் சீவினால் 2,500 சீவல்கள் கிடைக்கும். பெரும்பாலும் அவற்றுள் ஒன்றையோ சிலவற்றையோதான் பார்க்கிறோம். மேலும், பல உயிரணுக்களின் உட்கருவே 6 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை அகலமானது. சீவல் அதைவிட மெல்லியது. ஆகவே தகட்டில் தெரியும் ஊதாப் புள்ளி, உட்கருவின் ஒரு துண்டாகவே இருக்கும். தோசையின் ஓரத்தை வெட்டினால் சிறு துண்டும் நடுவே வெட்டினால் நீண்ட துண்டும் கிடைப்பதுபோல், ஒரே அளவுள்ள உட்கருக்களும் வெட்டு விழும் இடத்தைப் பொறுத்துச் சிறிதாகவோ பெரிதாகவோ தெரியும்.

ஒரு மரமும் ஒரு விடியலும்

உலகில் மிக அதிகமாகப் பயன்படும் திசுச் சாயம் ஒரு ஜோடி: ஹெமட்டாக்ஸிலின், இயோசின்.

ஹெமட்டாக்ஸிலின் ஒரு மரத்திலிருந்து வருகிறது. மெக்சிகோவின் காம்பெச்சே வட்டாரத்தில் வளரும் அந்த மரத்தின் பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது: ஹெமட்டாக்ஸிலம் காம்பெச்சியானம். துணிக்குச் சாயம் போட ஐரோப்பியர்கள் அதைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றார்கள். மரத்திலிருந்து எடுத்த பொருள் தனியாகத் திசுவில் நன்றாக ஒட்டாது. முதலில் அது ஆக்ஸிஜனேற்றமடைந்து ஹெமட்டீன் என்ற பொருளாக மாற வேண்டும். பிறகு அதனோடு அலுமினிய உப்பு சேர வேண்டும். துணிச் சாயக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் படிகாரம்தான் அந்த உப்பு. இரண்டும் சேர்ந்த கூட்டுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. உட்கருவிலுள்ள டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம். எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும். உட்கரு நிறம் பிடிக்கும்.

முதலில் கிடைப்பது செம்மை கலந்த நிறம். அதைச் சற்றே காரத்தன்மையுள்ள நீரில் கழுவினால்தான் நீல ஊதாவாக மாறும். பல ஆய்வுக்கூடங்கள் இதற்குக் குழாய் நீரையே பயன்படுத்தி வந்துள்ளன. குழாய் நீரின் காரத்தன்மை ஊருக்கு ஊர் மாறும். படத்தின் நிறம் ஊர்த் தண்ணீரையும் பொறுத்தது என்பதை இப்போதைக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சாயமான இயோசின், 1870களில் ஜெர்மானிய வேதியியலாளர் ஹைன்ரிக் காரோ உருவாக்கிய செயற்கைச் சாயம். கிரேக்கப் புராணத்தில் விடியலின் தேவதைக்கு ஈயோஸ் என்று பெயர். விடியற்கால வானத்தின் நிறம் என்பதால் இந்தப் பெயர் பொருந்துகிறது. இயோசினுக்கு எதிர்மின்னூட்டம். எனவே அது நேர்மின்னூட்டமுள்ள புரதங்களில் ஒட்டி, உட்கருவைச் சுற்றியுள்ள பகுதியையும் நார்களையும் இளஞ்சிவப்பாக்குகிறது. இந்த இரு சாயங்களையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை 1876இலேயே வெளியானது. ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்தும் உலகெங்கும் நோயியல் நிபுணர்கள் முதலில் கேட்பது இந்தத் தகட்டைத்தான்.

தகடு படமாகிறது

பள்ளி ஆய்வுக்கூட நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்திருப்பீர்கள். உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட, பார்வைக்குள் வரும் பரப்பு சுருங்கிக்கொண்டே போகும். உயர் உருப்பெருக்கத்தில் முழுத் தகட்டையும் ஒரே பார்வையில் காண முடியாது. ஸ்கேனர் இந்தச் சிக்கலைப் பொறுமையால் வெல்கிறது. தகட்டை நுண்ணிய அடிகளாக நகர்த்தி, சிறு சிறு சதுரங்களாகவோ நீண்ட பட்டைகளாகவோ படமெடுத்து, எல்லாவற்றையும் ஓரம் பிசகாமல் ஒட்டிவிடுகிறது.

கிடைக்கும் படம் எவ்வளவு பெரியது? நாற்பது மடங்கு வில்லையோடு படமெடுக்கும்போது ஒரு படப்புள்ளி பெரும்பாலும் திசுவில் 0.25 மைக்ரோமீட்டரைக் குறிக்கும். திசுத் துண்டு 15 மில்லிமீட்டர் நீளமும் 15 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 60,000 படப்புள்ளிகள். மொத்தம் 3.6 பில்லியன். 12 மெகாபிக்சல் கைப்பேசியில் 300 படங்கள் எடுத்து ஒட்டியதற்குச் சமம். ஒரு படப்புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வீதம் கணக்கிட்டால் 10.8 கிகாபைட். ஒரே ஒரு தகட்டுக்கு! படத்தைச் சுருக்கிச் சேமிப்பதால் கோப்பு இதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ ஆகிறது.

இவ்வளவு பெரிய கோப்பு எப்படி நம் கணினியில் தடங்கலின்றித் திறக்கிறது? வரைபடச் செயலியை நினைத்துப் பாருங்கள். முதலில் சிங்கப்பூர்த் தீவு முழுவதும் தெரியும். விரல்களை அகற்றினால் தோ பாயோ தெரியும். இன்னும் அகற்றினால் ஒரு புளோக்கும் அதன் கார் நிறுத்துமிடமும் தெரியும். செயலி எல்லா விவரங்களையும் ஒரேயடியாகக் கொண்டுவருவதில்லை. நீங்கள் பார்க்கும் இடத்துக்குரிய சதுரங்களை மட்டும், நீங்கள் கேட்கும் உருப்பெருக்கத்தில் அனுப்புகிறது. மின்னிலக்கத் தகடும் இப்படித்தான். ஒரே படம் பல உருப்பெருக்கங்களில், கூம்பு வடிவில் அடுக்கிச் சேமிக்கப்படுகிறது. உச்சியில் சிறு படம். அடித்தளத்தில் முழு விவரம்.

இதனால் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் வசதி பெரியது. கண்ணாடித் தகடு உடையக்கூடியது. ஒரே நேரத்தில் இரு நாடுகளில் இருக்க முடியாது. வெளிச்சம் பட்டால் இயோசின் நாளடைவில் மங்கும். மின்னிலக்கத் தகட்டைப் பத்து நிபுணர்கள் பத்து ஊர்களிலிருந்து ஒரே நாளில் பார்க்கலாம். "நான் சொன்னது இந்த உயிரணுவை" என்று வட்டம் போட்டுக் காட்டலாம்.

பெரிதாக்கினால் எல்லாம் தெரியுமா?

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. திரையில் இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போனால் டிஎன்ஏவையே பார்த்துவிடலாமா?

முடியாது. காரணம் கணினி அல்ல, ஒளி. 1873இல் ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே இந்த எல்லையை விளக்கினார். நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி இரண்டைப் பொறுத்தது: ஒளியின் அலைநீளம், வில்லை எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பது. பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 0.55 மைக்ரோமீட்டர். ஸ்கேனர்களில் காணப்படும், 0.75 என்று குறிக்கப்பட்ட வில்லைக்கு அபேயின் கணக்குப்படி எல்லை 0.37 மைக்ரோமீட்டர். அதைவிட நெருங்கியிருக்கும் இரு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். டிஎன்ஏ இழையின் அகலமோ 0.002 மைக்ரோமீட்டர். திரையில் பெரிதாக்குவது ஏற்கெனவே உள்ள படப்புள்ளிகளை ஊதிக் காட்டுமே தவிர, புதிதாக எதையும் சேர்க்காது.

இன்னொரு வரம்பும் உண்டு. நுண்ணோக்கியில் நுண்குவியத் திருகை மெல்லத் திருப்பினால், சீவலின் மேற்பகுதி தெளிவாகிக் கீழ்ப்பகுதி மங்கும். அப்படியே மாறி மாறிப் பார்க்கலாம். இத்தகைய வில்லை ஒரு நேரத்தில் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் ஆழத்தைத்தான் கூர்மையாகக் காட்டும். ஸ்கேனர் பொதுவாக ஒரே மட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் படமெடுக்கிறது. பல மட்டங்களில் எடுக்கவும் செய்யலாம். ஐந்து மட்டம் எடுத்தால் கோப்பும் ஐந்து மடங்காகும்.

எண்ணுவதற்கு ஒரு துணை

இப்போது ஆய்வுக்கு வருவோம். ஒரு புதிய மருந்து கட்டியின் வளர்ச்சியைக் குறைக்கிறதா என்று அறிய வேண்டும். பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்கள் எத்தனை விழுக்காடு என்று எண்ணினால் ஒரு விடை கிடைக்கும்.

பெருகும் உயிரணுக்களின் உட்கருவில் கேஐ-67 என்ற புரதம் இருக்கும். 1983இல் ஜெர்மனியின் கீல் நகரில் அதைக் கண்டறிந்தார்கள். ஊரின் பெயரும் சோதனைத் தட்டிலிருந்த மாதிரியின் எண்ணும் சேர்ந்து அதன் பெயராயின. அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைத் தகட்டில் இடுகிறார்கள். எதிர்ப்பொருளோடு ஒரு நொதியை இணைத்திருப்பார்கள். பிறகு சேர்க்கும் வேதிப்பொருளை அந்த நொதி பழுப்பு நிறமாக மாற்றும். பெருகும் உட்கருக்கள் பழுப்பாகவும் மற்றவை ஹெமட்டாக்ஸிலினால் நீலமாகவும் தெரியும்.

கண்ணால் எண்ணலாம். ஆனால் ஆயிரக்கணக்கில் எண்ணும்போது களைப்பு வரும். வெளிர்ப் பழுப்பைச் சேர்ப்பதா விடுவதா என்ற தயக்கம் வரும். காலையில் ஒருவர் எண்ணியதும் மாலையில் அவரே எண்ணியதும் வேறுபடலாம். குபாத் என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவுகிறது. வடஅயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016இல் வெளியான அது, மின்னிலக்கத் தகட்டைத் திறந்து, பழுப்பையும் நீலத்தையும் தனித்தனியாகப் பிரித்து, உட்கருக்களை எண்ணித் தருகிறது.

நிறத்தைப் பிரிப்பதன் அடிப்படை எளிது. ஒவ்வொரு சாயமும் சிவப்பு, பச்சை, நீல ஒளியைத் தனக்கே உரிய விகிதத்தில் உறிஞ்சும். ஒரு படப்புள்ளியில் மூன்று நிற ஒளியும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால், எந்தச் சாயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சமன்பாடு போட்டுத் தீர்த்துவிடலாம். ருய்ஃப்ரோக், ஜான்ஸ்டன் என்ற இருவர் 2001இல் வெளியிட்ட முறை இது.

கணினி களைப்படைவதில்லை. ஆயினும், எந்தப் பகுதியை எண்ண வேண்டும், எவ்வளவு பழுப்பாக இருந்தால் "ஆம்" என்று கொள்ள வேண்டும் என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார். கட்டியின் ஓரத்தில் எண்ணினால் ஒரு விழுக்காடும் நடுவில் எண்ணினால் இன்னொரு விழுக்காடும் வரலாம். மின்னிலக்கத் தகட்டின் சிறப்பு, அந்த முடிவுகள் பதிவாகி இருப்பதுதான். இன்னோர் ஆய்வாளர் அதே பகுதியில் அதே அளவுகோலை வைத்துச் சரிபார்க்கலாம்.

கணினி வென்ற போட்டி

எண்ணுவதிலிருந்து தேடுவதற்குப் போவோம். மார்பகப் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க, கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சென்று சேரும் நிணநீர்க் கணுக்களை எடுத்துச் சோதிப்பார்கள். 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ள சிறு பரவல்களைக் கண்டுபிடிப்பது கடினம். தவறவிட்டால் நோயாளிக்குத் தர வேண்டிய சிகிச்சையே மாறிப்போகலாம்.

நெதர்லாந்தின் இரண்டு மருத்துவமனைகளிலிருந்து சேகரித்த தகடுகளை வைத்து கேமிலியன்16 என்ற போட்டி நடந்தது. அதன் முடிவுகள் 2017இல் ஒரு முன்னணி மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தன. சோதனைக்கு 129 தகடுகள். மதிப்பெண் முறை இப்படி: நோய் பரவிய தகடு ஒன்று, பரவாத தகடு ஒன்று கொடுத்தால், பரவிய தகட்டை அதிக சந்தேகத்துக்குரியதாகச் சொல்லும் வாய்ப்பு எவ்வளவு? எப்போதும் சரியென்றால் 1. நாணயம் சுண்டிச் சொன்னால் 0.5.

வேலைப்பளுவுள்ள நாளைப்போல் நேரம் வரையறுக்கப்பட்ட 11 நோயியல் நிபுணர்களின் சராசரி 0.810. நேர வரம்பின்றி, ஏறத்தாழ 30 மணி நேரம் எடுத்துக்கொண்ட ஒரு நிபுணர் 0.966 பெற்றார். மிகச் சிறந்த கணினி நிரல் 0.994 பெற்றது.

செய்தித் தலைப்புக்கு இது போதும்: கணினி மருத்துவரை வென்றது! ஆனால் ஒரு விவரத்தைக் கவனியுங்கள். கணினி பயின்ற தகடுகளும் தேர்வு எழுதிய தகடுகளும் அதே இரு மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. ஆசிரியர் வகுப்பில் கொடுத்த பயிற்சித்தாளின் பாணியிலேயே தேர்வுத்தாளும் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு பள்ளியின் தாள் வந்தால் என்ன ஆகும்?

வேறு மருத்துவமனை, வேறு நிறம்

அடுத்த போட்டியான கேமிலியன்17இல் ஐந்து நெதர்லாந்து மருத்துவமனைகளின் தகடுகள் சேர்க்கப்பட்டன. ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் முன்னின்று 2021இல் வெளியிட்ட வைல்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பு, அந்தத் தகடுகளிலிருந்து வெட்டிய சிறு சதுரங்களைப் பயன்படுத்தியது. மூன்று மருத்துவமனைகளின் சதுரங்களைக் கொண்டு கணினிக்குக் கற்பித்தார்கள். அதே மருத்துவமனைகளின் புதிய சதுரங்களில் அது சுமார் 93 விழுக்காடு சரியாகச் சொன்னது. அது பார்த்திராத வேறொரு மருத்துவமனையின் சதுரங்களைக் கொடுத்தபோது சராசரி சுமார் 70 விழுக்காட்டுக்கு இறங்கியது. சோதனையில் புற்றுநோய் உள்ளவையும் இல்லாதவையும் சம அளவில் இருந்ததால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 விழுக்காடு வரும்.

நாடு ஒன்றுதான். நோய் ஒன்றுதான். மாறியது நாம் இதுவரை பார்த்தவைதான்: ஊற வைத்த நேரம், சீவலின் தடிமன், சாயத்தின் செறிவு, கழுவிய நீர், ஸ்கேனரின் விளக்கும் கேமராவும். மனிதக் கண் இவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. மஞ்சள் விளக்கின்கீழும் வெள்ளைத் தாளை நாம் வெள்ளை என்றே சொல்கிறோம். கணினிக்குப் படப்புள்ளிகளின் எண்கள் மட்டுமே தெரியும்.

அதே 2021இல் வந்த இன்னோர் ஆய்வு மேலும் கவலைக்குரிய ஒன்றைக் காட்டியது. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டத்தில் 33 வகைப் புற்றுநோய்கள், 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகள் இருக்கின்றன. உலகெங்கும் ஆய்வாளர்கள் அதன் மின்னிலக்கத் தகடுகளைப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தகடு எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதைக் கணினி படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும் என்று அந்த ஆய்வு காட்டியது. நிறங்களைச் சமப்படுத்திய பிறகும் அந்த அடையாளம் முழுவதும் அழியவில்லை.

இதில் என்ன ஆபத்து? ஒரு மருத்துவமனைக்கு முற்றிய நிலை நோயாளிகளே அதிகம் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினி நோயைக் கற்காமல், "இந்த ஊதா நிறம் வந்தால் நிலைமை மோசம்" என்று கற்றுக்கொள்ளலாம். அதே மருத்துவமனைகளின் தகடுகளில் சோதித்தால் மதிப்பெண் பிரமாதமாக இருக்கும். வேறு ஊரில், வேறு ஆய்வுக்கூடத்தில், உண்மையான நோயாளியின் தகட்டில் அது வழுக்கும். ஐரோப்பிய, அமெரிக்கத் தகடுகளில் பயின்ற ஒரு நிரலை நம் வட்டார மருத்துவமனைகளில் பயன்படுத்த நினைக்கும்போது இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

நல்ல ஆய்வுக்குழுக்கள் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கின்றன.

முதலாவது, ஒப்பிட வேண்டிய தகடுகளை ஒன்றாகச் சாயமேற்றுவது. மருந்து கொடுத்த எலிகளின் திசுவைத் திங்கள்கிழமையும் கொடுக்காத எலிகளின் திசுவை வெள்ளிக்கிழமையும் சாயமேற்றினால், தெரியும் வேறுபாடு மருந்தாலா சாயத்தாலா என்று சொல்ல முடியாது. இரண்டையும் கலந்தே ஒவ்வொரு தொகுதியிலும் வைக்க வேண்டும்.

இரண்டாவது, கட்டுப்பாட்டுத் திசு. சாயம் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்த திசு ஒன்றையும் சேர்த்துச் சாயமேற்றுவார்கள். அது சரியாக வரவில்லையென்றால் அந்தத் தொகுதியின் முடிவைக் கணக்கில் கொள்வதில்லை.

மூன்றாவது, யாருடைய தகடு என்று தெரியாமல் எண்ணுவது. மருந்து பெற்றது எது என்று தெரிந்தால் கண் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும்.

நான்காவது, நிறத்தைச் சமப்படுத்துவது. ஒரு மாதிரித் தகட்டின் ஊதா, இளஞ்சிவப்பு அளவுகளுக்கு மற்றத் தகடுகளைக் கணக்கிட்டு மாற்றலாம். இது உதவும், முழுத் தீர்வாகாது என்பதை மேலே பார்த்தோம்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். கணினிக்குக் கற்பித்த மருத்துவமனைகள் வேறு, தேர்வு வைக்கும் மருத்துவமனைகள் வேறு என்று பிரிப்பது. இந்தத் தேர்வில் தேறினால்தான் அது நோயைக் கற்றிருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து இதைச் செய்யலாம். ஒரே வெங்காயத்தின் தோலை இரண்டு தகடுகளில் வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு அயோடின் கரைசல் விட்டு, ஒன்றை ஒரு நிமிடத்திலும் மற்றொன்றை ஐந்து நிமிடத்திலும் ஒற்றியெடுங்கள். நுண்ணோக்கியின் கண்வில்லையில் கைப்பேசியை வைத்து இரண்டையும் படமெடுங்கள். பிறகு நண்பரின் வேறு வகைக் கைப்பேசியிலும் எடுங்கள். நான்கு படங்களையும் அருகருகே வைத்தால், ஒரே வெங்காயத்துக்கு எத்தனை நிறங்கள் என்று தெரியும்.

அடுத்து, குறைந்த உருப்பெருக்கத்தில் ஒளிபுகும் அளவுகோலைப் படமெடுங்கள். அதில் 1 மில்லிமீட்டர் எத்தனை படப்புள்ளிகளை அடைக்கிறது என்று பாருங்கள். 800 என்றால், ஒரு படப்புள்ளி 1.25 மைக்ரோமீட்டர். உருப்பெருக்கத்தை மாற்றாமல் எடுத்த வெங்காயப் படத்தில் ஓர் உயிரணு 240 படப்புள்ளி நீளம் இருந்தால், அதன் நீளம் 300 மைக்ரோமீட்டர். ஆய்வாளர்கள் மின்னிலக்கத் தகட்டில் அளப்பதும் இதே கணக்குதான்.

"செயற்கை நுண்ணறிவு புற்றுநோயைக் கண்டுபிடிக்கிறது" என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை மருத்துவமனைகளின் தகடுகளில் அது பயின்றது? பயிலாத மருத்துவமனையின் தகடுகளில் சோதிக்கப்பட்டதா? அங்கே எத்தனை விழுக்காடு? தலைப்பில் இந்த விடைகள் இருக்காது. செய்தியின் உள்ளே தேடுங்கள். அங்கும் இல்லையென்றால், அந்த நிரல் நோயைக் கற்றதா நிறத்தைக் கற்றதா என்பது இன்னும் முடிவாகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.